ப்ரீஆம்ப் மாற்றும் முன்: எந்தக் குறைக்கு எது மருந்து

ப்ரீஆம்ப் என்பது பாட்டு வரும் கருவிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவே இருக்கும் பெட்டி. "எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும், "இப்போது உங்கள் செட்டில் என்ன குறை?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலருக்கு உடனே பதில் வராது. "ஏதோ ஒரு திருப்தி இல்லை" என்பார்கள். அந்த "ஏதோ ஒன்று" என்னவென்று தெரியாமல் கடைக்குப் போனால், பணம் போகும், குறை அப்படியே வீட்டில் இருக்கும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஸ்பீக்கரில் எப்போதும் 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். பழைய ப்ரீஆம்ப்தான் காரணம் என்று முடிவு கட்டி, இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டு இன்னொன்று வாங்கினேன். பொருத்தி ஆன் செய்தால் அதே 'உம்ம்ம்'. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் ஒயரைக் கழற்றினேன். அந்த நொடியே ஹால் அமைதியானது. பழைய ப்ரீஆம்ப் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஆகவே இந்தக் கட்டுரையை மாடல் பெயர்களிலிருந்து தொடங்காமல் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் குறை எந்தத் தலைப்பின் கீழ் வருகிறதோ அங்கே போங்கள். சில இடங்களில் ஐம்பது ரூபாய்ச் செலவில் வேலை முடியும். சில இடங்களில் நிஜமாகவே புது ப்ரீஆம்ப் வேண்டும். அப்போது எந்த மாதிரி வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் மூன்று சோதனைகள்

ப்ரீஆம்ப் செய்யும் வேலை நான்கு. எந்தக் கருவியின் பாட்டு வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, நீளமான கேபிளையும் பவர் ஆம்பையும் தாங்கி ஓட்டும் தெம்பைத் தருவது. இசைத்தட்டு கேட்பவர் என்றால், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் நுண்ணிய சிக்னலைப் பெருக்கிச் சரிசெய்வதும் சேரும். இந்த நான்கில் எது தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், நல்ல நிலையில் உள்ள ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள் (கருவிகளை இணைக்கும் சாதாரண ஆடியோ ஒயர்), எழுதி வைக்க ஒரு நோட்டு. அது போதும்.

ஒரு எச்சரிக்கை. எந்த ஆர்சிஏ பிளக்கைக் கழற்றுவதானாலும் முதலில் பவர் ஆம்பை ஆஃப் செய்து அரை நிமிடம் விடுங்கள். ஆர்சிஏவில் நடு ஊசி முதலில் தொடும், வெளிவளையம் பிறகுதான் தொடும். அந்த இடைவெளியில் ஸ்பீக்கரில் பாயும் உறுமல் உச்சஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைக் காவு வாங்கிவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலாவது: குறையான சத்தம் கேட்கும்போது வால்யூம் குமிழைத் திருப்புங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால் கோளாறு குமிழுக்கு முன்னால் இருக்கிறது, அதாவது பாட்டு வரும் கருவியிலோ, அதன் கேபிளிலோ, இசைத்தட்டு சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பகுதியிலோ. குமிழைத் தொட்டாலும் மாறாமல் நின்றால் அது குமிழுக்குப் பின்னால். இரண்டாவது: இன்புட்டை மாற்றுங்கள். ஒரு இன்புட்டில் மட்டும் இருந்தால் ப்ரீஆம்பைச் சந்தேகிக்காதீர்கள். மூன்றாவது: ப்ரீஆம்பின் அவுட்புட்டில் இடது, வலது கேபிள்களை மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். குறை அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் அது ப்ரீஆம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கரில் நின்றால் கேபிள், பவர் ஆம்ப், ஸ்பீக்கர் மூன்றில் ஒன்று.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது மருந்து என்று கடைசிவரை தெரியாது.

லேசாகத் திருப்பினாலே அலறுகிறது; மெதுவாக வைத்தால் ஒரு பக்கம்தான் கேட்கிறது

ப்ரீஆம்ப் மாற்ற நினைப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். குமிழைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். இரவில் மெல்ல வைத்தால் பாடகர் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் நகர்ந்து நிற்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சுமாருக்குக் கிடைக்கும். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்கும்போது பாட்டின் உச்சத்தில்கூட அந்த 1 வாட்டைத் தாண்டாது. 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் என்பது 2.83 வோல்ட். பவர் ஆம்ப் 26 டெசிபல் கெயின் உள்ளது என்றால் அது 20 மடங்கு பெருக்கும். அதற்குள் போக வேண்டியது வெறும் 0.14 வோல்ட். சிடி பிளேயரோ, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் டேக்கோ (டிஏசி) தருவது 2 வோல்ட். அதாவது ப்ரீஆம்ப் பெருக்கவே வேண்டாம், 14 மடங்கு குறைக்க வேண்டும். டெசிபலில் 23. அதற்கு மேல் ப்ரீஆம்பே 15 டெசிபல் கெயின் வைத்திருந்தால், அதையும் சேர்த்துக் குமிழ் 38 டெசிபல் அடக்க வேண்டியிருக்கிறது.

குமிழுக்குள் இருக்கும் சாதாரணக் கார்பன் பொட்டென்சியோமீட்டரில் இரண்டு சேனலின் பாதையும் ஒன்றுபோல் இருக்காது. நடுப்பகுதியில் வித்தியாசம் தெரியாது. அடிமட்டத்தில் 2, 3 டெசிபல் கூட விலகும். பாடகர் இடப்பக்கம் நகர்ந்தது இதனால்தான்.

இவ்வளவு கெயினை ஏன் வைத்தார்கள்? 1970களின் டியூனரும் கேசட் டெக்கும் பெரும்பாலும் 2 வோல்ட்டைவிட மிகக் குறைவாகத்தான் தந்தன. அதற்கேற்ப ஆம்ப்களைச் செய்தார்கள். 1975-இல் வந்த குவாட் 405 பவர் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள், அரை வோல்ட் கொடுத்தாலே 100 வாட் முழுவதையும் கொட்டிவிடும். 1982-இல் சிடி வந்து 2 வோல்ட்டை வழக்கமாக்கியது. பழைய ஆம்பையும் புதிய டேக்கையும் சேர்த்து வைத்திருப்பவர் வீட்டில் இந்த மோதல் கட்டாயம் உண்டு.

மருந்து மலிவு. டேக்கின் மெனுவில் அவுட்புட் லெவலைக் குறைக்க வழி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பவர் ஆம்பின் பின்னால் லெவல் குமிழ் இருந்தால் அதைக் குறையுங்கள். இரண்டும் இல்லையா? பவர் ஆம்ப் பக்கம் செருகும் ஆர்சிஏ பிளக்குக்குள் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போதும். சிக்னல் பாதையில் 6.8 கிலோ ஓம், அதைத் தாண்டி ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே 3.3 கிலோ ஓம். இரண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகை. சுமார் 10 டெசிபல் குறையும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலெக்ட்ரானிக்ஸ் தெருவிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்பது மணியில் இருந்த குமிழ் பதினொன்றுக்கு நகரும், பாடகர் நடுவுக்கு வருவார். சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் அட்டென்யூவேட்டர் பிளக் ரெடிமேடாகவே கிடைக்கிறது. கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் ப்ரீஆம்ப் என்றால் மட்டும் இதைச் செய்யும் முன் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ப்ரீஆம்ப் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கெயின் 0 முதல் 6 டெசிபலுக்குள் இருப்பதைத் தேடுங்கள். நெல்சன் பாஸ் வடிவமைத்த பி1 பஃபர் இதற்கு நல்ல உதாரணம். அதில் கெயினே கிடையாது, தெம்பு மட்டும்தான். வால்யூமை ரிலேயும் ரெசிஸ்டரும் கொண்டு படிப்படியாகக் குறைக்கும் வகை என்றால், அடிமட்டத்திலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். இரவில் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அந்த வகையைத்தான்.

முழுக்கத் திருப்பினாலும் சத்தம் போதவில்லை

இசைத்தட்டில் மட்டும் இப்படி என்றால் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். மூவிங் மேக்னட் வகையான ஓர்டோஃபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தரும். மூவிங் காயில் வகையான டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். பதினெட்டு மடங்கு வித்தியாசம், அதாவது 25 டெசிபல். முதலாவதுக்கு 40 டெசிபல் கெயின் உள்ள ஃபோனோ ஸ்டேஜ் போதும். இரண்டாவதுக்கு 60-க்கு மேல் வேண்டும். இங்கே ஃபோனோ பகுதி இல்லாத லைன் ப்ரீஆம்பை மாற்றிப் பயனில்லை. வாங்க வேண்டியது ஃபோனோ ஸ்டேஜ் அல்லது ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உள்ளேயே ஃபோனோ ஸ்டேஜ் உள்ள டர்ன்டேபிளை ஆம்பின் ஃபோனோ இன்புட்டில் செருகினால் பேஸ் வீங்கி, குரல் உடைந்து, காது வலிக்கும். டர்ன்டேபிளின் பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

'உம்ம்ம்' அல்லது 'ஜிர்ர்'

இதில்தான் பொறுமை வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் வளையத்தாலோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தாலோ வரும் ஹம் அதே 50-இல் அடிக்கும். ஆம்புக்குள் மின்சாரத்தை நேர்ப்படுத்திய பிறகு மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. போனில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, ஹெட்ஃபோனில் 50-ஐயும் 100-ஐயும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் 50 கேட்காது, ஹெட்ஃபோன் கட்டாயம். தம்பூராவில் ஸ்ருதி பிடித்துப் பழகிய காதுக்கு இது ஐந்து நிமிட வேலை.

50 என்றால், எல்லா இன்புட் கேபிளையும் கழற்றிவிட்டு ப்ரீஆம்பையும் பவர் ஆம்பையும் மட்டும் ஓடவிடுங்கள். அமைதியா? நல்லது, ப்ரீஆம்ப் தப்பித்தது. இனி ஒவ்வொரு கருவியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்க்கும்போது சத்தம் வருகிறதோ அது வழியாகத்தான் வளையம் உண்டாகிறது. பெரும்பாலும் டிவியோடு சேர்ந்த கருவியாகத்தான் இருக்கும். டிஷ் ஒயரும் கேபிள் டிவி ஒயரும் வெளியே எங்கோ ஓர் எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகின்றன. உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் சின்ன மின்னோட்டம் கேபிளின் வெளிவளையம் வழியே போய்ச் சத்தமாகிறது. என் வீட்டில் டிவியிலிருந்து டேக்குக்கு ஆப்டிகல் கேபிள் போட்டதும் தீர்ந்தது. அதில் போவது வெளிச்சம், செம்பு இல்லை. வளையம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து பிரியும் ஒரே பலகையில் செருகுவது அடுத்த வேலை. ப்ரீஆம்ப் ஒரு சுவரிலும் பவர் ஆம்ப் எதிர்ச் சுவரிலும் மின்சாரம் எடுத்தால் வளையம் பெரிதாகும். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: மூன்று ஊசி பிளக்கின் எர்த் ஊசியை உடைப்பது. ஹம் நின்றுவிடும், உண்மைதான். ஒருநாள் உள்ளே ஒரு ஒயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்தப் பெட்டியைத் தொடும் பிள்ளைக்கு 230 வோல்ட். எந்த இசைக்கும் அந்த விலை கிடையாது.

டர்ன்டேபிளில் மட்டும் ஹம் என்றால் அதன் மெல்லிய எர்த் ஒயர் ஆம்பின் பின்னுள்ள திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் இன்னொரு சோதனை. மோட்டார் ஓடாமல், ஊசி தட்டைத் தொடாமல், டோன்ஆர்மைக் கையால் பிடித்து மெதுவாகத் தட்டின் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுபோங்கள். போகப் போக 'உம்ம்ம்' ஏறி இறங்கினால் பக்கத்தில் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடிக்கிறது. ஆம்பை அரை மீட்டர் தள்ளி வையுங்கள். டர்ன்டேபிளை பவர் ஆம்பின் தலையிலேயே ஏற்றி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த ப்ரீஆம்ப் வந்தாலும் ஹம் போகாது.

'உம்ம்ம்' என்று இல்லாமல் 'ஜிர்ர்' என்று கூர்மையாக வந்தால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாம் எண்ணில் ஜிர்ர் வந்து, முழு வேகத்தில் நின்றால் குற்றவாளி அதற்குள் மின்சாரத்தை நறுக்கி விடும் டிரையாக். படிப்படியாக மாறும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் போட்டால் தீரும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஜிர்ர் என்றால், அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை வகைக்கு மாறுங்கள், இல்லையென்றால் ஆம்பை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள்.

100 ஹெர்ட்ஸ் என்றால்தான் ஆம்புக்குள் பார்க்க வேண்டும். முப்பது வருடப் பழைய ப்ரீஆம்பில் பவர் சப்ளையின் எலெக்ட்ரோலைடிக் கெபாசிட்டர்கள் வறண்டிருக்கும். கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றினாலே போதும், பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். வால்வ் ப்ரீஆம்பை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே 250, 300 வோல்ட் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

'உஸ்ஸ்' என்று இரைச்சல்

ட்வீட்டரிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் காதை வைத்தால்தான் கேட்கிறது என்றால் அதை விட்டுவிடுங்கள், எல்லா ஆம்புக்கும் அது உண்டு. உட்காரும் இடத்தில் கேட்டால்தான் குறை. குமிழைத் திருப்பினாலும் மாறாத உஸ், பவர் ஆம்பின் இன்புட் கேபிளைக் கழற்றி ஷார்ட்டிங் பிளக் (ஊசியையும் வளையத்தையும் உள்ளேயே இணைத்த பிளக்) போட்டதும் நின்றால், அது ப்ரீஆம்பின் கடைசிக் கட்டத்திலிருந்து வருகிறது. ப்ரீஆம்ப் மாற்றத்துக்கு நியாயமான காரணங்களில் இது ஒன்று. ஆனால் அதற்கு முன் மேலே சொன்ன 10 டெசிபல் அட்டென்யூவேட்டரைப் போட்டுப் பாருங்கள், ப்ரீஆம்பின் உஸ்ஸும் அதே 10 டெசிபல் இறங்கும். பலருக்கு அத்தோடு திருப்தி வந்துவிடுகிறது.

வால்வ் வகையில் ஒரு பக்கம் மட்டும் உஸ்ஸும் இடையிடையே 'பொட் பொட்' என்றும் வந்தால், இரண்டு சேனலின் வால்வ்களையும் ஆஃப் செய்து ஆறவிட்டு இடம் மாற்றுங்கள். சத்தம் கூடவே போனால் அந்த வால்வ் ஆயுள் முடிந்தது. பென்சில் நுனியால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்டாலும் அப்படியே. புதிது வாங்கும்போது அதே எண்ணைப் பாருங்கள். ஈசிசி83 இருந்த இடத்தில் ஈசிசி82 உட்காரும், ஆனால் கெயினும் மின்னோட்டமும் வேறு.

புதிதாகச் சேர்த்ததும் பேஸ் மெலிந்தது, அல்லது மேலே மங்கியது

விலை உயர்ந்த ப்ரீஆம்பை வாங்கி வந்தும் முன்பைவிட மோசமாகக் கேட்கிறது என்று வருந்துபவர்களுக்கான பகுதி இது. இரண்டு கருவிகளும் தனித்தனியாக நல்லவை. பொருத்தம்தான் சரியில்லை.

வால்வ் ப்ரீஆம்பின் அவுட்புட்டில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட், பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் 10 கிலோ ஓம் என்று வையுங்கள். 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அங்கே 2 டெசிபலுக்கு மேல் குறையும். அதே ப்ரீஆம்பை 47 கிலோ ஓம் உள்ள பவர் ஆம்போடு சேர்த்தால் அந்த எல்லை 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஒரு குறையும் தெரியாது. பவர் ஆம்பை மாற்ற முடியாது என்றால், வாங்கும் முன் அதன் கையேட்டில் இன்புட் இம்பீடன்ஸைப் பாருங்கள். ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். அவுட்புட் கெபாசிட்டர் உள்ள வால்வ் வகைக்கு அதற்கும் மேலே இருந்தால் நல்லது.

மங்குவது பேசிவ் ப்ரீஆம்ப் விவகாரம். பேசிவ் என்றால் உள்ளே குமிழும் சுவிட்சும்தான், மின்சாரமே கிடையாது. 100 கிலோ ஓம் பொட்டென்சியோமீட்டரில் குமிழின் ஓரிடத்தில் அவுட்புட் இம்பீடன்ஸ் 25 கிலோ ஓம் வரை போகும். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். ஐந்து மீட்டர் கேபிள் போட்டால் 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இழப்பு. ஜாலரா சத்தம் துணி போர்த்திய மாதிரி ஆகிவிடும். அதே பேசிவ், 10 கிலோ ஓம் குமிழோடும் ஒரு மீட்டர் கேபிளோடும் இருந்தால் எல்லை 600 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். ஆகவே "பேசிவ் நல்லதா கெட்டதா" என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் கேபிள் எவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். பவர் ஆம்ப் ஸ்பீக்கர் பக்கத்திலும் மற்றவை ஹாலின் மறுமுனையிலும் இருந்தால் பேசிவை மறந்துவிடுங்கள். அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓமுக்குள் இருக்கும் ஆக்டிவ் வகை, முடிந்தால் இரு பக்கமும் பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் இணைப்போடு, வாங்குங்கள்.

கரகரப்பு, திடீரென ஒரு பக்கம் போய்விடுகிறது

திருப்பும்போது மட்டும் கரகர என்றால் குமிழுக்குள் தூசி. ஆஃப் செய்து, எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரை ஒரு சிறு பீய்ச்சு பீய்ச்சி, முழுக்க இப்படியும் அப்படியும் முப்பது தடவை திருப்புங்கள். தையல் மெஷின் எண்ணெயோ துரு எடுக்கும் ஸ்ப்ரேயோ வேண்டாம், அவை தூசியை அழைத்து உட்கார வைக்கும். சுத்தம் செய்தும் ஒரே வாரத்தில் கரகரப்பு திரும்பினால், குமிழுக்கு முந்தைய கெபாசிட்டர் டிசியைக் கசியவிடுகிறது. அதற்கு மெக்கானிக்.

ஒரு பக்கம் போய்ப்போய் வருவதற்கு ஒரு அழகான காரணத்தை மாமா வீட்டில் பார்த்தேன். அவரிடம் 1978-இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப், எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது, சேனலுக்கு 20 வாட். "வலப்பக்கம் செத்துப்போச்சுடா, தனி ப்ரீஆம்ப் ஒண்ணு பார்த்துச் சொல்லு" என்றார். டார்ச்சோடு பின்பக்கம் குனிந்தேன். அந்த ஆம்பில் ப்ரீ-அவுட்டையும் மெயின்-இன்னையும் இணைக்க 'ப' வடிவில் சின்ன உலோகக் கம்பிகள் செருகியிருக்கும். ப்ரீஆம்பின் சிக்னல் அவை வழியாக வெளியே வந்துதான் மறுபடி பவர் பகுதிக்குள் நுழையும். கடற்காற்று படும் வீடு. வலப்பக்கக் கம்பி கருத்து, மேலே பச்சை பூத்திருந்தது. விரலால் தொட்டதும் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், பாட்டு வந்து மறுபடி போனது. ஆஃப் செய்து, கம்பியைப் பிடுங்கி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்துச் செருகினேன். "இவ்வளவுதானா?" என்றார் மாமா. இவ்வளவுதான். ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் உள்ள பழைய இன்டகிரேட்டட் ஆம்ப் வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பியை இன்றே பாருங்கள்.

பழைய ஆம்பில் 'டேப் மானிட்டர்' பொத்தானும் இப்படித்தான். யாரோ தெரியாமல் அழுத்திவிட்டால் பாட்டே வராது. அழுத்தாமலே பல வருடம் கிடந்தால் உள்ளே கறுத்து ஒரு பக்கம் மங்கும். இருபது தடவை அழுத்தி விடுங்கள்.

ஆன், ஆஃப் செய்யும்போது 'டொம்'

வரிசையை மாற்றினாலே பாதி தீரும். ஆன் செய்யும்போது பவர் ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது அதுவே முதல். அதோடு மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ப்ரீஆம்பின் அவுட்புட் ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 10, 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 50-ஐத் தாண்டினால் அதை பவர் ஆம்பில் செருகாதீர்கள். இன்புட்டில் கெபாசிட்டர் இல்லாத பவர் ஆம்ப் அந்த டிசியையும் பெருக்கி, பேஸ் ஸ்பீக்கரான ஊஃபருக்கே அனுப்பும்.

ஒரு கோளாறும் இல்லை, ஆனால் உயிர் இல்லை

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் மனம் நிறையவில்லை என்றால் இரண்டு ப்ரீஆம்பை ஒப்பிட்டுக் கேட்பதுதான் வழி. ஆனால் சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடக் கூடாது. அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது நம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது, "தெளிவு" என்று தெரியும். கடையில் இதில்தான் ஏமாறுகிறோம்.

சமன் செய்வது சுலபம். 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, அதனால்தான் 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம் என்கிறேன். முதல் ப்ரீஆம்பில் 2.00 வோல்ட் என்றால் இரண்டாவதிலும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். அது 0.1 டெசிபலுக்குள். பிறகு நன்றாகப் பழகிய மூன்று பாட்டுகளை, எது ஓடுகிறது என்று தெரியாமல், வீட்டில் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கும், சுவரில் தொங்கும் கனமான திரைக்கும் வையுங்கள். அங்கே கிடைக்கும் மாற்றம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டோன் கண்ட்ரோல் இல்லாத ப்ரீஆம்ப்தான் உயர்ந்தது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட சர்க்யூட் இன்றும் உலகமெங்கும் டோன் கண்ட்ரோல்களுக்கு அடிப்படை. அது காரணமில்லாமல் நிலைக்கவில்லை. நம்மிடம் இருக்கும் பழைய பதிவுகள் பல மெலிந்த பேஸோடும் காதைக் குத்தும் உச்சஸ்தாயியோடும் இருக்கின்றன. இசைத்தட்டு வெட்டுவதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவுகோல் வந்ததே 1954-இல். அதற்கு முந்தைய 78 ஆர்பிஎம் தட்டுகளை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வெட்டியது. அவற்றை ரசிக்க பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் வேண்டும். தேவையில்லாதபோது ஒதுக்கிவிட ஒரு பைபாஸ் சுவிட்சும் இருந்தால் அதுதான் எனக்குப் பிடித்த ப்ரீஆம்ப்.

வாங்கியே தீருவது என்று முடிவானால்

உங்கள் அறிகுறியைத் தாளில் எழுதி, அதற்கு நேரே எண்ணைப் போடுங்கள். கெயின் எவ்வளவு, அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு, எத்தனை இன்புட், சப்ஊஃபருக்கு இரண்டாவது அவுட்புட் உண்டா, ஹோம் தியேட்டர் பைபாஸ் (சரவுண்ட் ரிசீவரின் சிக்னலைக் குமிழைத் தாண்டி நேரே விடும் வழி) வேண்டுமா, வீட்டில் வயதானவர்களும் கேட்பார்கள் என்றால் ரிமோட் உண்டா. இந்தத் தாளோடு போனால் கடைக்காரரும் உங்களை வேறுவிதமாகப் பார்ப்பார். இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்க விடுபவரிடம் வாங்குங்கள், நூறு இருநூறு கூட இருந்தாலும் பரவாயில்லை.

பழையது வாங்குபவர்கள் பின்பக்கத் தகட்டைப் படித்துவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். ஜப்பான் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120. நம் 230-இல் நேரே செருகினால் புகைதான். வோல்ட்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதலில் டிசி அளவு. அப்புறம் குமிழை அடியில் வைத்து, பவர் ஆம்பைக் கடைசியாக ஆன் செய்யுங்கள். வழக்கமாகக் கேட்கும் சத்தத்துக்கு வந்ததும் குமிழ் எத்தனை மணியில் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே நின்றால் பொருத்தம் சரியாக அமைந்திருக்கிறது.